யூலியானா பக்கத்து யன்னல்

யூன் 4, ஞாயிறு

பூசை முடியும்வரை இவருக்கு இருமல் நிற்கவில்லை. முன் வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் பார்க்கவில்லை. இவரின் தங்கச்சி யூலியானா. சொந்த அண்ணன் நெஞ்சு பிய்ந்துபோக இருமுகிறார், அவள் பாட்டுப் புத்தகத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை!

அப்பாவின் நண்டு வலை யாருக்கு என்று வந்த சண்டைக்குப் பிறகு பேச்சில்லை. காணி பிரித்தபோது எங்கள் அறைச் சுவர்தான் எல்லையானது. யன்னல் திறப்பது அவள் வளவுக்குள். சண்டைக்குக் கொஞ்சம் முதல் அவள் சொன்னது எனக்கு மறக்கவில்லை: "அண்ணை இப்ப நல்லா உடம்பு வச்சிட்டார்." அதிலிருந்துதான் இவர் மெலியத் தொடங்கியது. நாவூறு வேறு எப்படி இருக்கும்?

யூன் 9, வெள்ளி

யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். சயரோகம். ஆறு மாதம் குளிசை. ஒருவர் பக்கத்தில் நின்று விழுங்கவைக்க வேண்டுமாம். என்னையும் மகள் நிலாந்தியையும் சோதித்தார்கள், ஒன்றும் இல்லை. "யன்னல் எல்லாம் திறந்து விடுங்கோ அக்கா, காத்தோட்டம் வேணும்" என்றா நேர்ஸ் மிஸ்.

கிருமியாம். ஊர்காவற்றுறையில் எத்தனை பேர் கடலுக்குப் போகிறார்கள். கிருமி இவரை மட்டும் தேடிப் பிடித்ததா?

யூன் 10

சலம் சிவப்பு! இவர் கக்கூசுக்குள் இருந்து கத்தினார். மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். "குளிசையின்ர நிறம் அக்கா. நேற்றே சொன்னனான். கண்ணீரும் அப்பிடித்தான் வரும்."

சொன்னாவா? எனக்கு ஞாபகம் இல்லை.

யூன் 11, ஞாயிறு

மண்கும்பானில் இருந்து செபக் கூட்டத்துச் சகோதரர் வந்தார். இவரின் நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடினார். "நோய்தான் நெஞ்சில. வேர் இன்னொருத்தரின்ர மனசில. ஒரு பொறாமை மூச்சு இந்த வீட்டுக்குள்ள வருது. சிவப்பாப் போறது அதுதான், தீமை வெளிக்கிடுது."

எந்தப் பக்கத்தால் வருகிறது என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியும்," என்றார்.

எனக்குத் தெரியும். பின்னேரமே அறை யன்னலுக்குப் பலகை அடித்தேன். சோளகக் காற்று வருவது அதால்தான்; இப்போது அறை புழுங்குகிறது. புழுங்கட்டும். சுவருக்கு அங்கால் யார் இருக்கிறாள் என்று மிஸ்ஸுக்குத் தெரியுமா?

யூலை 2, ஞாயிறு

சிவப்பு நின்றுவிட்டது. "தீமை போயிட்டுது" என்று சகோதரர் தோத்திரம் சொன்னார். இவருக்கும் சந்தோஷம்.

ஆனால் இருமல் போகவில்லையே? நான்தான் தினமும் குளிசையை இவர் கையில் கொடுக்கிறேன், தண்ணீர் வைக்கிறேன். பிறகு அடுப்பில் புட்டு, குசினிக்கு ஓடிவிடுவேன். மருந்து வேலை செய்யாமல் அவள் ஏதும் செய்துவிட்டாளோ?

யூலை 5, புதன்

பிடித்துவிட்டேன்!

விடியப் பலகை இடுக்கால் பார்த்தேன். யூலியானா எங்கள் சுவரோடு குந்தியிருந்து மண்ணைக் கிளறுகிறாள். கைக்குள் எதையோ பொத்திப் பிடித்திருக்கிறாள். தகடா, எலும்பா? முற்றம் கூட்டுகிற தும்புத்தடியோடு சுற்றி ஓடினேன்.

"என்னடி புதைக்கிறாய்?"

"புதைக்கேல்லை மச்சாள், பொறுக்கிறன். கோழி இதைத்தான் கொத்திக்கொண்டு நிண்டது."

கையை விரித்தாள். மண் ஒட்டிய குளிசைகள், செங்கல் நிறத்தில். நான் கொடுத்த குளிசைகள்.

"அண்ணைக்கு என்ன வருத்தம்? என்ர வளவுக்குள்ள மருந்து விழுகுது, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்று அழத் தொடங்கினாள். தும்புத்தடியை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பின்னேரம்

இவர் ஒத்துக்கொண்டார். பலகை இடுக்கால் தள்ளிவிட்டிருக்கிறார். "விசுவாசம் இருந்தா குளிசையை விடட்டாம், சகோதரர் சொன்னவர். வயித்தைப் பிரட்டுறதும் ஏலாமக் கிடந்தது."

என்ர மாதாவே. எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்தானே! நான் ஆரைப் பாத்துக்கொண்டு இருந்தனான்? வெளியில கள்ளனைத் தேடினன், மனிசன் எனக்குப் பின்னால நிண்டு —

யூலை 7

கிளினிக்கில் நல்ல பேச்சு வாங்கினோம். திரும்பவும் முதலில் இருந்து குளிசை. சகோதரரை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பலகையை மட்டும் கழற்றவில்லை. குளிசை பொறுக்கினாள் என்பதற்காக அவள் கண் நல்ல கண் ஆகிவிடுமா?

ஓகஸ்ட் 30

இருமல், எனக்கு. அடுப்புப் புகைதான்.

செப்ரெம்பர் 15, வெள்ளி

புகை இல்லை. எனக்கும் வந்துவிட்டது. நிலாந்திக்கு இல்லை, அந்த அளவில் மாதா காப்பாற்றினா.

"அறை யன்னல் திறந்துதானே வச்சிருந்தீங்கள்?" என்று மிஸ் கேட்டா. பயமாக இருக்கிறது.

வந்ததும் சுத்தியலை எடுத்தேன். துருப்பிடித்த ஆணி அசையவில்லை. அங்கால் இருந்து யாரோ பலகையைத் தள்ளும் சத்தம். "நீங்கள் இழுங்கோ மச்சாள்," என்றாள் யூலியானா.

செப்ரெம்பர் 24, ஞாயிறு

நாங்கள் குளிசை விழுங்குவதைப் பார்க்க மிஸ் யூலியானாவைத்தான் வைத்திருக்கிறா. பூசைக்குப் போகமுதல் தன் வளவுக்குள் கதிரையைப் போட்டுக்கொண்டு யன்னலுக்கு நேரே வந்து இருந்தாள். இவர் விழுங்கி வாயைத் திறந்து காட்டினார். அடுத்தது நான்.

"நாக்கைத் தூக்குங்கோ மச்சாள்."

"விழுங்கிட்டன் எண்டு சொல்லுறனெல்லே."

"சொல்லுவீங்கள். இந்த வீட்டில ஒருத்தரையும் நம்பேலாது."

யன்னலால் காற்று வந்துகொண்டிருந்தது. அவள் கண்ணில் பொறாமை இருக்கிறதா என்று இன்றைக்கும் ஒருக்கால் பார்த்தேன். பிறகு நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.