நான் திறந்த ஆமைப்பூட்டு

தோட்டவெளி,
02.06.2024

அன்புள்ள அப்பா,

மடு மாதா உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும். நானும் அம்மாவும் சுகம். காற்று மாறிவிட்டதால் நண்டு வரத்துக் குறைவு. ஆனாலும் நண்டுக் கொம்பனியில் எனக்கு வேலை இருக்கிறது.

போன மாதம் உங்களைப் பார்க்கச் சிறைக்கு வந்தபோது நான் ஒன்றும் பேசவில்லை என்று பஸ்ஸில் திரும்பும் வழி முழுக்க அம்மா ஏசினார். "இவ்வளவு தூரம் போய் வாயைத் திறக்காமல் வாற பிள்ளையை நான் வேற எங்கயும் காணேல்லை" என்றார். எனக்குப் பேச இருந்தது, அப்பா. அந்தக் கம்பி வலைக்கு இரண்டு பக்கமும் எல்லாரும் கத்திக்கொண்டு நின்றார்கள். அதற்கு மேலால் கத்த எனக்கு வரவில்லை. எழுதினால் வருகிறது.

திரும்பவும் பள்ளிக்கூடம் போகச் சொன்னீர்கள். அது மட்டும் கேட்காதேங்கோ. என் மேசையில் 'கஞ்சா அல்பிரட்டின் மகள்' என்று கொம்பாசால் கீறி வைத்திருந்தார்கள். படகில் ஏற்றிய மூட்டைக்குள் என்ன இருந்தது என்று உங்களுக்கே தெரியாது என்பதை நான் ஒவ்வொருவருக்கும் சொல்லித் திரிய முடியாது.

இனி ஒரு செய்தி. சிரிக்கக் கூடாது. நான் திறப்பு இல்லாமல் பூட்டுத் திறக்கப் பழகுகிறேன். தவக்காலத்தில் அம்மா அலுமாரித் திறப்பைத் தொலைத்துவிட்டார். கைபேசியில் ஒருவர் செய்து காட்டுவதைப் பார்த்து, நண்டுச் சதை எடுக்கிற கொக்கியைக் கல்லில் தேய்த்து மெல்லிதாக்கித் திறந்தேன். அன்றிலிருந்து விடமுடியவில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: தன்னுடைய பூட்டைத்தான் தொடவேண்டும், ஒரு கதவைக் காத்துக்கொண்டு தொங்கும் பூட்டைத் தொடவே கூடாது. ஆகவே இது களவு இல்லை.

பழைய இரும்பு வாங்குகிற சனூன் நானா வாசலில் தொங்கவிடுகிற ஆமைப்பூட்டு ஒன்று தந்திருக்கிறார். என் உள்ளங்கையை விடப் பெரியது. யாரோ கொண்டியோடு வெட்டி எடுத்தது. திறப்புக் கிடையாது. "இதத் தொறந்தா ஒனக்கே புள்ள. தொறக்காட்டி எடைக்குப் போட்டுருவன்" என்றார். அலுமாரிப் பூட்டு இதற்கு முன்னால் விளையாட்டுச் சாமான். இன்னும் அசையவில்லை.

உங்கள் மகள்
ஜெனி


08.07.2024

அன்பு மகள் ஜெனிக்கு,

உன் கடிதம் சிறைக் கந்தோரில் கன நாள் கிடந்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஐயா வந்து பார்த்த பிறகுதான் எங்கள் கைக்குத் தருவார்கள். அவர் சிரித்துக்கொண்டே தந்தார்.

நான் மூன்று தரம் வாசித்தேன். பிறகு பக்கத்துப் பாயில் படுக்கிற பார்த்தீபனுக்கும் வாசித்துக் காட்டினேன். "அண்ணை, உங்கட பிள்ளை பேசாது எண்டு சொன்னீங்கள். இது வானொலி மாதிரி எல்லே இருக்கு" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. உனக்குப் பதினேழு வயது. இத்தனை வருடத்தில் நீ என்னிடம் இவ்வளவு கதைத்ததில்லை. நானும் கடலால் வந்தால் சாப்பிடுவதும் படுப்பதுமாகத்தான் இருந்தேன்.

அந்தப் பூட்டை விடாதே. திறந்தால் எப்படித் திறந்தாய் என்று ஒன்றும் விடாமல் எழுது. எனக்கு விளங்காவிட்டாலும் பரவாயில்லை. இங்கே ஒரு நாளும் அடுத்த நாளும் ஒரே மாதிரி. உன் பூட்டு எனக்கும் ஒரு வேலை.

நானும் ஒரு செய்தி வைத்திருக்கிறேன். நன்றாக நடக்கிறவர்களைத் தோட்ட முகாமுக்கு அனுப்புவார்கள். மதில் இல்லை. மிளகாய், கத்தரி நட்டுத் தண்ணீர் விடுவதுதான் வேலை. பார்க்க வருகிறவர்கள் மரத்தடியில் பக்கத்தில் இருந்து கதைக்கலாம். செப்ரெம்பரில் கூட்டம் வைத்து ஆட்களைத் தெரிவுசெய்வார்கள். என் பெயரும் பட்டியலில் இருக்கிறது என்று ஐயா சொன்னார். அங்கே போனால் நீ கத்தத் தேவையில்லை. மெல்லச் சொன்னாலே எனக்குக் கேட்கும்.

அம்மாவுக்கு இதைச் சொல். கோவிலில் சொல்லவேண்டாம். நடந்த பிறகு சொல்லலாம்.

அப்பா


தோட்டவெளி,
18.08.2024

அன்புள்ள அப்பா,

திறந்துவிட்டேன்!

மடுத் திருவிழா முடிந்து வந்த மறுநாள், மத்தியானம், அடுப்படி நிலத்தில் இருந்து. ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

அதற்குள்ளே ஏழு பித்தளைக் குச்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு சுற்றும். பழைய பஸ் வைப்பரில் இருந்து எடுத்த தகட்டால் துவாரத்தின் அடியை மெல்லத் திருப்பிப் பிடிக்க வேண்டும். மற்றக் கையில் நண்டுக் கொக்கி. கெட்டிக்காரர் செய்த பூட்டு அது. சில குச்சிகளுக்கு இடுப்பு மெலிவு. அவை ஏறிவிட்டது போலக் காட்டும், பூட்டும் கொஞ்சம் சுற்றும். திறந்துவிட்டது என்று நினைத்து இன்னும் திருப்பினால் இறுகிவிடும். அந்த நேரம் விட்டுக்கொடுக்க வேண்டும், அப்பா. கை சும்மா ஒரு மயிரளவு தளர வேண்டும். பூட்டு பின்னுக்குப் போகும். எல்லாம் விழுந்துவிடும் என்று தோன்றும். விழாது. அந்த மெலிந்த குச்சி மட்டும் ஏறிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு இவ்வளவு நாள் எடுத்தது.

வளையம் துள்ளி எழும்பியபோது நான் கத்திவிட்டேன். அம்மா ஓடி வந்து பார்த்துவிட்டு, "அப்பன் உள்ளுக்க. மகள் வெளியில இருந்து பூட்டுத் திறக்கிறாள். வடிவான குடும்பம்" என்றார். ஆனால் சிரித்தார். நீங்கள் போன பிறகு நான் பார்த்த சிரிப்பு அதுதான். சனூன் நானாவுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். "இனி நான் கடைக்குப் பூட்டுப் போட்டு என்ன புண்ணியம், ஒன்னையே வாசல்ல இருத்திவச்சாச் சரி" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் ஓடவில்லை.

இன்னொன்று. ஜூலையில் வந்தபோது ஒன்று கண்டேன். நீங்கள் சந்திக்கும் இடத்துக்கு வருகிற அந்த இரும்புக் கதவில் தொங்குவதும் என்னுடைய பூட்டின் இனம்தான். கொஞ்சம் பழையது. அதற்கும் ஏழு குச்சியா, ஆறா என்று அறிய ஆசையாக இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது துவாரம் நேராக இருக்கிறதா, வளைந்து இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கோ. முடிந்தால் கீழே பொறித்திருக்கும் இலக்கத்தையும்.

தோட்ட முகாம் செய்தி கேட்டு அம்மா அழுதார். கோவிலில் ஒருவருக்கும் சொல்லவில்லை. மரத்தடியில் உங்களுக்கு என்ன சொல்வது என்று இப்போதே சேர்த்து வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள்
ஜெனி


16.09.2024

மகள் ஜெனிஸ்ராவுக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம். இனி வீட்டுச் செய்தி மட்டும் எழுதவும். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அல்பிரட்


தோட்டவெளி,
06.10.2024

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்திலும் ஒன்றும் இல்லை. என்னில் என்ன கோபம்?

போன கிழமை அம்மா தனியாக வந்தார். இந்த மாதம் உங்களுக்குச் சந்திப்பு இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஏன் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன சிங்களம் அம்மாவுக்கு விளங்கவில்லை. கொண்டுவந்த கருவாட்டுப் பொரியலையும் வாங்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்கு முன் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "அல்பிரட்டின்ர மகள் ஆர்? என்ன செய்யுறவ?" என்று அம்மாவிடம் கேட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நண்டு உடைக்கிறவள் என்று அம்மா சொன்னார். எழுதிக்கொண்டு போனார்கள். வாக்காளர் பதிவாக இருக்கும் என்று அம்மா நினைக்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை.

செப்ரெம்பர் கூட்டம் என்ன ஆயிற்று? தோட்ட முகாமைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை.

பூட்டைப் பற்றி எழுதியது பிடிக்கவில்லை என்றால் எழுதமாட்டேன். ஆனால் ஒன்றும் விடாமல் எழுது என்று நீங்கள்தானே கேட்டீர்கள். இதுவரை ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

ஜெனி


(திகதி போடவில்லை)

என் தங்க மகளுக்கு,

இது கந்தோரால் வரும் கடிதம் இல்லை. பார்த்தீபனுக்கு நாளைக்கு விடுதலை. அவன் தன் ஊர் நானாட்டானுக்குப் போகும் முன் உன் கையில் தருவான். வாசித்தவுடன் அடுப்பில் போடு.

உன் ஓகஸ்ட் கடிதத்தை எனக்குத் தரவில்லை. ஐயா வாசித்துவிட்டு மேலே கொடுத்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு வைத்து அவரே சிங்களத்தில் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். கதவுப் பூட்டு, துவாரம், இலக்கம். அப்படித்தான் உன் கடிதத்தை முதல் தரம் கேட்டேன். யாருக்காகக் கேட்கிறாள், வெளியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். எங்கள் பக்கம் முழுவதும் பாய்களைக் கிழித்துத் தேடினார்கள். மற்றவர்கள் இப்போது என்னோடு கதைப்பதில்லை. எல்லாக் கதவிலும் பூட்டு மாற்றியாயிற்று. என் பெயரைப் பட்டியலில் வெட்டிவிட்டார்கள். அடுத்த முறையும் வராது. தப்பப் பார்த்தவன் என்று ஒருதரம் எழுதினால் அது கடைசிவரை நிற்கும் என்று ஐயாவே சொன்னார்.

அதை விடு. உன்னை விசாரணைக்கு எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். நீ அவர்கள் முன்னால் நின்று பேசமாட்டாய். பேசாமல் நின்றால் ஒளிக்கிறாய் என்று நினைப்பார்கள். அதனால் நான் சொன்னேன்: "ஐயா, பிள்ளைக்கு மூளை கொஞ்சம் சுகமில்லை. பள்ளிக்கூடமும் விட்டவள். கைபேசியில கண்டதைத் தான் செய்ததெண்டு சொல்லுவாள். நாங்கள் ஓம் ஓம் எண்டு கேக்கிறது." எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். அந்த நேரம் வேறு ஒன்றும் வரவில்லை, மகள்.

இப்போது நீயும் அப்படி எழுத வேண்டும். எல்லாம் பொய் என்று. கந்தோருக்கு இல்லை, எனக்கு எழுதுவது போல. நான் சொல்லித்தான் எழுதினாய் என்று தெரியக் கூடாது. பூட்டு, கொக்கி ஒன்றும் வீட்டில் இருக்கக் கூடாது. இனித் தொடாதே. எப்போதாவது ஒரு பூட்டோடு உன்னைக் கண்டால் என் கையெழுத்தும் போய்விடும், நீயும் போய்விடுவாய்.

ஒன்றும் விடாமல் எழுது என்று கேட்டவன் நான். இங்கே யார் வாசிக்கிறார்கள் என்று தெரிந்தும் கேட்டேன். உன் கதை கேட்கிற ஆசையில் அது நினைவுக்கே வரவில்லை.

அப்பா


தோட்டவெளி,
24.11.2024

அன்புள்ள அப்பா,

நாங்கள் சுகம். மழை தொடங்கிவிட்டது. கிணற்றடி வரை தண்ணீர் நிற்கிறது.

நான் முன்பு எழுதிய கடிதங்களில் பூட்டைப் பற்றி இருந்தவை பொய். நான் எந்தப் பூட்டையும் திறக்கவில்லை. எனக்கு அது தெரியாது. அலுமாரியை அம்மா திறப்பால்தான் திறந்தார். சனூன் நானா எனக்கு ஒன்றும் தரவில்லை. ஏழு குச்சிகள், மெலிந்த இடுப்பு என்று எழுதியதெல்லாம் கைபேசியில் யாரோ சொன்னது. பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. அந்த இரும்புக் கதவில் என்ன தொங்குகிறது என்றும் எனக்குத் தெரியாது. சும்மா எழுதினேன். எனக்குச் சில நாட்களில் தலை சரியாக இருப்பதில்லை. செய்யாததைச் செய்ததாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவைக் கேட்டாலும் சொல்வார். வீட்டில் வந்து பார்த்தாலும் பூட்டு ஒன்றும் இல்லை. வாசலைக் கயிற்றால் கட்டுகிறோம்.

கொம்பனியில் இப்போது என்னைக் கொக்கி வேலையில் இருந்து எடுத்துவிட்டார்கள். நான்தான் கேட்டேன். பெட்டி கழுவுகிறேன்.

சந்திப்புத் திரும்பக் கிடைத்தால் அம்மா வருவார். நான் இனி வரவில்லை. வந்தாலும் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

நான் சொன்னதை முழுவதும் நம்பியவர் நீங்கள் ஒருவர்தான், அப்பா. இனி நம்ப வேண்டாம்.

இப்படிக்கு,
அல்பிரட் ஜெனிஸ்ரா