நாற்பத்தொரு வினாடி

மார்ச் 9, ஞாயிறு, காலை 10.40
இதுவரை 17 முயற்சி. பதினேழும் தோல்வி.

வாலுக்கு,

நீ அனுப்பிய குறுந்தகடு வந்தது. "சும்மா விளையாடிப் பாரேன்" என்று ஒரு துண்டுச்சீட்டு வேறு. நீ எதையும் சும்மா செய்கிறவளா? இந்த மாதம் 28-ம் தேதி உன் கல்யாணப் பதிவு. சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்ன ஒரே வாரத்தில் என் பழைய கார் பந்தய விளையாட்டு தபாலில் வருகிறது. அனுப்பச் சொன்னது நீ கட்டிக்கொள்ளப் போகிற அவன்தானே?

என்னிடம் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்தான். அதில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் 'வைன்' வழியாக நிறுவிப் பார்த்தேன். பாதியில் செத்து விழுகிறது. தகட்டில் யாராவது கைவைத்திருக்கிறீர்களா?

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பந்தயத்தில் என் சிறந்த நேரம் 52 வினாடி. அதற்குக் கீழே மனிதனால் முடியாது. என் வகுப்பிலேயே இருந்த அவன், 41 என்று பதிவான கணினிக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். "எப்படிடா?" என்றால், "எங்க வீட்டுல கார் நிதானமாத்தான் போகும்டா" என்று உளறினான். நிதானமாகப் போகிற கார் சீக்கிரம் போய்ச் சேருமாம்! கோப்பைத் திருத்திய பயல். விளையாட்டிலேயே பித்தலாட்டம் செய்தவன் உன்னிடம் என்ன செய்வான்?

அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணா,

போனில் பேசினால் நீ கத்துவாய். எழுதினால் முடிக்கும்வரை உன்னால் குறுக்கே வர முடியாது.

தகடு அனுப்பியது நான். அவருக்குத் தெரியாது. வீடு மாற்ற சாமான் கட்டும்போது அவர் மேசை இழுப்பறையில் கிடந்தது. "இதை ஏன் வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நீ வைத்த 'நாற்பத்தொண்ணு' என்ற பெயர் இன்னும் சாகவில்லை, தெரியுமா? போன வாரம் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் ஒருத்தன் வந்து, "டேய் நாற்பத்தொண்ணு, பவர்லயாவது பொய் சொல்லாம கண்ணாடி போடுடா" என்றான். மூன்று வாடிக்கையாளர் முன்னால். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

பெரிய கம்ப்யூட்டர் புலி என்று மார் தட்டுவாயே. நிரூபி. பொய் என்றால் பொய் என்று காட்டு. வேளைக்குச் சாப்பிடு.

உன் வாலு

மார்ச் 15, சனி, பகல் 2.15
31-ம் முயற்சி.

ஓடுகிறது. நிறுவும் நிரல்தான் அரதப் பழசு. அதை ஓரங்கட்டிவிட்டுக் கோப்புகளை நேராக நகலெடுத்தேன்.

ஆனால் ஓடுகிற லட்சணத்தைக் கேள்: பச்சை விளக்கு எரிந்து நான் விரலை வைப்பதற்குள் கார் சுவரில் அப்பிக்கொள்கிறது. முப்பது ஓட்டம், முப்பது அப்பளம். இது நான் விளையாடிய விளையாட்டே இல்லை. உண்மையைச் சொல், இரண்டு பேரும் சேர்ந்து என்ன செய்தீர்கள்?

அண்ணன்

மார்ச் 16

அண்ணா,

பதிவு விண்ணப்பத்தில் சாட்சி என்ற இடத்தில் உன் பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். அழிப்பான் பக்கத்திலேயே இருக்கிறது. வியாழக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

வாலு

மார்ச் 19, புதன், மாலை 6.10
மொத்தம் 94 ஓட்டம்.

வாலு,

அழித்துவிடாதே. முழுக்கப் படி.

தகட்டில் யாரும் கைவைக்கவில்லை. அந்தக் காலத்தில் நிரல் எழுதினவன் செய்த வேலை: கணினி எவ்வளவு வேகமாகப் படம் வரைகிறதோ அவ்வளவு வேகமாகக் கார் ஓடும். திரையில் இருக்கும் கடிகாரமும் அப்படியே. என் கணினி இன்றைய வேகம், அதனால்தான் சுவர். வினாடிக்கு அறுபது படத்துக்கு மேல் வரையாதபடி வரம்பு கட்டினேன். நம் வீட்டுக் கார் அச்சு அசலாக வந்துவிட்டது. நேரமும் அதே 52.

அப்புறம்தான் அவன் வீட்டுக் கணினி ஞாபகம் வந்தது. ஏதோ அலுவலகத்தில் கழித்துப் போட்ட மந்தமான பழசு. இருபத்தைந்து படத்துக்கு இறக்கினேன். கார் ஊர்கிறது, கடிகாரமும் ஊர்கிறது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் யோசிக்க நேரம் கிடைக்கிறது. பிரேக்கே வேண்டாம். திரையில் நாற்பத்து நாலு வினாடி ஓடியபோது என் கைக்கடிகாரத்தில் ஒன்றே முக்கால் நிமிடம்.

கார் நிதானமாகத்தான் போயிருக்கிறது. அவன் அன்றைக்கே சொன்னான். நான்தான் வகுப்பையே கூட்டிச் சிரித்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைக்கப் போவதில்லை. அதே நிதானத்தில் நாற்பது முறை ஓட்டினேன். என் சிறந்த நேரம் 43.8. 41 வரவே இல்லை.

இனி செய்யப் போவது:

1. இப்போதே பையைக் கட்டுகிறேன். நாளைக் காலை முதல் பேருந்து. நேராக அவன் கடைக்கு. மன்னிப்பு போனில் கேட்கிற விஷயமில்லை.
2. பள்ளி நண்பர்கள் குழுவில் முப்பத்து நாலு பேர் இருக்கிறார்கள். அந்தப் பெயர் என் தப்பு என்று எல்லாரும் பார்க்க எழுதுவேன்.
3. பென்சிலில் இருக்கும் என் பெயர்மேல் நானே பேனாவை ஓட்டுவேன்.
4. அவனை 'மாப்பிள்ளை' என்று கூப்பிடுவேன். முதல் இரண்டு தடவை வாய் கோணும். பொறுத்துக்கொள்ளச் சொல்.
5. நான் எப்போதும் நேரத்தைக் கோட்டைவிடும் மூன்றாவது வளைவை எப்படி எடுத்தான் என்று கேட்பேன். என்ன சொன்னாலும் நம்புவேன்.

அண்ணன்