போட்டோவுல நீ எங்க கண்ணு

அச்சரப்பாக்கம்
தை 12

கண்ணு ஜெயப்பிரியாவுக்கு அப்பா எழுதறது. இங்க நானும் உங்கம்மாவும் சொகமா கீறோம், நவரைப் பட்டத்து நெல்லு நட்டு முடிஞ்சிடுச்சி, மதுராந்தகம் ஏரியும் தளும்பிகினு கீது. அங்க நீ சொகமா? வழக்கத்துக்குக் கேக்கல, நெசமாவே கேக்கறேன். போன்ல கேட்டா நல்லாகீறேன்பான்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்ற, அதான் கையால எழுதறேன்.

நீ அனுப்பின பனி போட்டோ வந்துது. மூலையில ஒத்தக் குச்சி, மீதியெல்லாம் வெள்ளை. சிக்னல் இல்லாம பாதிதான் எறங்கிகீதுன்னு நெனச்சி மொட்டமாடியில அரை மணி நேரம் போனைத் தூக்கிப் புடிச்சிகினு நின்னேன், சிரிக்காத. அப்பால நீ சொன்னியே, ஜப்பான்காரங்க வேணும்னே எடம் விட்டு எடுப்பாங்க, அந்தக் காலி எடத்துக்குப் பேரு மா-ன்னு, அது உங்கம்மா காதுல வேற மாதிரி வுழுந்துட்டுது. அம்மா இல்லாத எடம்னு பொண்ணு சொல்லுதுன்னு புடிச்சிகினா, சோறு எறங்கல. அது அவங்க பாஷைடின்னு எடுத்துச் சொன்னேன். பாஷை கெடக்கட்டும்யா, கல்யாணம் நின்னுபோயி அவ ஜப்பானுக்குப் போனதுல இருந்து ஒரு போட்டோவுலகூட ஆளே இல்லியே, முன்னெல்லாம் சித்தி பசங்க, கன்னுக்குட்டின்னு கும்பலா எடுப்பாளேன்னு அழுதா. எனக்கும் அதே பயந்தான், வெளிய சொல்லல, அவ்ளோதான்.

போன வியாழக்கெழம விடியக்காலம் நெம்மேலியில கத்திரிக்கா லோடு எறக்கிட்டு வரச்சொல்ல, மாமல்லபுரத்துக்கு இந்தாண்ட ஒரே மூடுபனி. வண்டிய ஓரங்கட்டிட்டு மணல்ல எறங்கினேன். கடலு எது வானம் எதுன்னு தெரியல, சத்தம் மட்டும் வருது, ஒரே ஒரு படகு அந்தரத்துல நிக்குது. எனக்கே எடுக்கணும்னு தோணிச்சி. குறுக்க ஒருத்தர் வலையத் தூக்கிகினு வந்தாரு, போவட்டும்னு காத்துகினு நின்னேன். நின்னப்புறந்தான் உறைச்சுது, நீயும் இப்படித்தான நிப்பேன்னு. எவ்ளோ நேரம் போச்சின்னே தெரியல கண்ணு, கனாவுல நிக்கிற மாதிரி. தனியா கீறோம்னு ஒரு நிமிசம் தோணல, உன்னியேதான் நெனச்சிகினு இருந்தேன்.

வூட்டுக்கு வந்து நான் எடுத்த போட்டோவைக் காட்டினதும் உங்கம்மா, "நீ எங்கய்யா இதுல?"ன்னா.

"எடுத்ததே நான்தான்டி"ன்னேன்.

அப்பால போனைப் புடுங்கி நீ அனுப்பின போட்டோ அத்தனையும் ஒண்ணொண்ணா தொறந்தா. படத்துக்குக் கீழ, வெளிய, வெரல வெச்சி, இங்க நின்னிருப்பா, இங்க காலு சில்லிட்டிருக்கும்னு சொல்லிகினே இருந்தா. அன்னிக்கு ரெண்டு தபா சோறு வாங்கிச் சாப்ட்டா.

காதுக்கு மப்ளர் கட்டாம பனியில நிக்காத. உன் மனசுக்கு எப்படித் தோணுதோ அப்படியே எடு, ஆளு வைக்கச் சொல்லி இனிமே கேக்கமாட்டோம். நீ நூறு வருசம் நல்லா இருக்கணும்னு அம்மா உன் நெத்தியில விபூதி பூசினதா நெனச்சிக்கோ.

ஒண்ணே ஒண்ணு மறந்துடாத. ஒரே ஒரு தபா, வெயிலு முதுகுல அடிக்கச்சொல்ல எடு கண்ணு. உன் நெழலு ஒரு ஓரமா வுழட்டும். ஜப்பான்காரங்க இன்னா இதுன்னு கேட்டா, எங்கப்பன் கேட்டான்னு சொல்லு.

உன் அப்பன்
எல்லப்பன்