கொழிஞ்சாம்பாறையில் ஒரு கிளைக் கல்லூரி

ஜூன் 20, வியாழன்

விடிந்ததிலிருந்து காற்று. ஓடுகள் தடதடவென்று. கடலைக் குடோனைக் கழுவி வகுப்பறையாக்கிய இடம் இது. எத்தனை பினாயில் விட்டாலும் வாசம் போகவில்லை.

வாங்க வேண்டியவை: தண்ணீர்ப் பானை, டஸ்டர், தலைவலி மாத்திரை.

பொள்ளாச்சியில் எங்கள் கல்லூரி. பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் இந்த ஊர். ஆனால் நடுவே மாநில எல்லை. பெண்பிள்ளைகளுக்கென்று இங்கே ஒரு கிளை, பள்ளி முடித்த பின் படிக்கிற ஒரு வருஷ பி.யூ.சி. வகுப்பு மட்டும், பொறுப்பாளர் நான். முதல்வர் சொன்னபோது சின்ன வேலையாகத்தான் தெரிந்தது.

கிளைக்கு அனுமதி கேட்டுப் போனால் தாலுகா ஆபீசில் இன்றும் அதே சிரிப்பு. "டீச்சரே, நிங்ஙள் தமிழ்நாட்டு யூனிவர்சிட்டி. இவிடெ ஞங்ஙள் எந்து செய்யானா?" இங்கே அவர்கள் என்ன செய்யவாம். நம் யூனிவர்சிட்டியில் கேட்டால், "அது கேரளாவாச்சே, அங்க கேளுங்க."

ஜூன் 24, திங்கள்

சாரல். பலகை ஈரம், எழுத்து பதியவில்லை. இங்கிலீஷுக்குப் போட்ட அம்மாள் வரமாட்டாராம். "கேரளாவுக்கா? ஊட்ல உடமாட்டாங்க." ஆக, வரலாறும் நான், இங்கிலீஷும் நான். தொண்டை கட்டிவிட்டது.

எருத்தேன்பதி நாச்சிமுத்து வந்திருந்தார். மகள் சரசு இங்கே படிக்கிறாள். வகுப்பில் கேள்வி கேட்கிற ஒரே பெண். வாசலிலேயே நின்று பேசினார். "பொம்பளப் புள்ளைங்க மட்டும், பாடஞ் சொல்றதும் பொம்பளைங்கன்னுதானுங்க அனுப்பியிருக்கறேன். நீங்க பாத்துக்கோணும்."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வேறென்ன சொல்ல.

ஜூன் 28, வெள்ளி

பயந்தது நடந்தது. தமிழ்நாட்டில் பள்ளி பதினோரு வருஷம், கேரளாவில் பத்து. இந்தப் பிள்ளைகள் இங்கே பத்து முடித்தவர்கள். நம் பி.யூ.சி.க்கு ஒரு வருஷம் குறை. விலக்கு கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் சேர்த்தோம். விலக்கு இல்லை என்று யூனிவர்சிட்டியிலிருந்து கடிதம். பரீட்சை எழுத முடியாது.

போஸ்டாபீஸிலிருந்து முதல்வருக்கு டிரங்க் கால். ஒரே இரைச்சல்.

"மறுபடியும் எழுதியிருக்கறேம்மா. ஆர்டர் வரும். அதுவரைக்கும் புள்ளைங்களப் புடிச்சு வைங்க. கிளை காலியாத் தெரியக் கூடாது."

"வரலைன்னா சார்?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

யாருடைய வருஷம்? வெளியே வந்த பிறகுதான் இந்தக் கேள்வி தோன்றியது. பக்கத்தில், கேரளச் சித்தூர் காலேஜில், இங்கத்திய பி.யூ.சி.யான ப்ரீ-டிகிரிக்குச் சேர்க்கை அடுத்த வாரம் முடிகிறது. கேரளப் பத்தாவதுக்கு அங்கே தடையில்லை.

ஜூலை 1, திங்கள்

வகுப்பில் சொல்லிவிட்டேன். சரசு எழுந்தாள்.

"அப்ப இத்தன நாள் படிச்சது எதுக்குங்க டீச்சர்?"

பாடம் நடத்தவில்லை. மதியம் பிள்ளைகளின் விலாசங்களை எழுதிக்கொண்டேன்.

ஜூலை 3, புதன்

இரண்டு நாளாக வீடு வீடாக. செருப்பு வார் அறுந்தது. "உடனே சித்தூரில் சேருங்கள், எங்களை நம்பிக் காத்திருக்க வேண்டாம்" என்று ஒவ்வொரு வீட்டிலும். சில பேர் கும்பிட்டார்கள். ஒருவர் திட்டினார். "கடை விரிக்கறக்கு முன்னால இதெல்லாம் தெரியாதுங்களா?" நியாயம்தான்.

சாயங்காலம் நாச்சிமுத்து வீடு.

"பசங்களும் படிக்கற காலேஜுங்களா? வேண்டாமுங்க. படிச்சது போதும். மாப்பிள்ளை பாக்கறோம்."

மன்றாடினேன். வெட்கத்தை விட்டுத்தான். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். சரசு உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. அவள் அம்மா மாராத்தாள் முறத்தை மடியில் வைத்தபடி, "சித்தூர்ல என்னைக்கு வரைக்குமுங்க?" என்று மட்டும் கேட்டாள். வெள்ளி கடைசி என்றேன்.

ஜூலை 4, வியாழன்

முதல்வரின் தந்தி. உடனே வரவும். நான் பிள்ளைகளைச் சித்தூருக்கு அனுப்புவதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாளை முடியாது. சனிக்கிழமை போய் வாங்கிக்கட்டிக்கொள்ளலாம். வேலை போகலாம். போனால் என்ன செய்வது என்று யோசிக்கப் பார்த்தேன், தூங்கிவிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

வெயில். காலை பஸ்ஸில் சித்தூர். நிறையப் பிள்ளைகள் அப்பாக்களோடு வந்திருந்தார்கள். சரசு இல்லை. வரிசையில் நின்று ஒவ்வொருவருக்காகவும் பேசினேன், எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில். ஒருத்திக்கு மார்க் போதவில்லை, அழுதுகொண்டே போனாள். மற்றவர்களுக்கு இடம் கிடைத்தது.

ஜன்னல் மூடும் நேரத்தில் மாராத்தாள். வேர்க்க விறுவிறுக்க, பின்னால் சரசு.

கிளார்க் தலை தூக்கினார். "ரக்ஷகர்த்தாவு எவிடெ? அச்சன் வந்நில்லே?"

"ஏனுங்க டீச்சர், என்ன கேக்கறாரு?"

"புள்ளைக்குப் பொறுப்பு யாருன்னு கேக்கறாருங்க. அவங்கப்பா வரலையான்னு."

"நாந்தானுங்க பொறுப்பு" என்றாள் அவரைப் பார்த்து. அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மசிப் பெட்டியைத் தள்ளினார். கட்டைவிரலை அழுத்தி வைத்தாள். சரசு என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், வலிக்கிற மாதிரி.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில்.

"அவருகிட்ட என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"சேத்தாச்சுன்னு சொல்லுவனுங்க."