இரண்டாவது ட்யூனர்

சனிக்கிழமை, இரவு பதினொன்றரை

அக்கா தொலைக்காட்சியில் பாடிய ஒரே நிகழ்ச்சி பதிவாகவில்லை. ரெக்கார்டரில் ஒரு மணி நேரமும் கறுப்புத் திரைதான். "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன்" என்று அம்மா மூன்று நாளாகப் புலம்பினார். எனக்கு வேறு பயம். போன வாரம் அம்மாவின் சீரியலை நிறுத்தி வேடிக்கை பார்க்க, ரெக்கார்டர் பெட்டியின் பின்னாலிருக்கும் இரண்டு கேபிள்களில் ஒன்றைக் கழற்றி மாட்டியவன் நான். வாயாலேயே ஊரை விற்கிறவன், இந்த மூன்று நாளும் ஊமையாக இருந்தேன்.

இன்று கிள்ளானிலிருந்து ரிப்பேர்க்கார அண்ணன் வந்தார். பெட்டியைச் சோதித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"உள்ள சேனல் பிடிக்கற ட்யூனர் ரெண்டு இருக்குக்கா. ஒன்னு நீங்க பாக்கறதுக்கு, ஒன்னு பதிவுக்கு. ரெண்டாவதுல சிக்னல் இல்ல. கேபிள மாத்தி மாட்டிப் பாக்கலாம் லா. கோளாறு கேபிளோடயே போனா கேபிள் கெட்டிருக்கு. அங்கேயே நின்னா ட்யூனர் போச்சு."

அவர் திருகி முடிப்பதற்குள் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எல்லாக் கோயிலுக்கும் வேண்டிக்கொண்டேன். மாதா கோயிலையும் விடவில்லை.

கோளாறு அங்கேயே நின்றது.

"ட்யூனர்தான்க்கா. யார் மேலயும் தப்பில்ல."

"அப்ப நான் அமுக்கினது சரிதானா?" அம்மா இரண்டு முறை கேட்டார். மூன்று நாளுக்குப் பிறகு இன்றுதான் சிரித்தார்.

எனக்கும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் தூங்கப் போகும் முன் அம்மா என் தலையைத் தடவி, "நீதான் எதையோ நோண்டியிருப்பேன்னு ஒரு நிமிஷம் நெனச்சிட்டேன். மன்னிச்சுக்கடா" என்றார்.

"பரவால்லம்மா" என்றேன். அதையும் பெருந்தன்மையாக வேறு சொல்லித் தொலைத்தேன்.