மழையில்லாமல் ஒழுகும் கூரை

பாப்பா அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவுக்கு முட்டிவலி தேவலையா?

லாரி கேபினில் என் தலைக்கு மேலே தண்ணீர் சொட்டியது. கூரை விளக்கின் போல்ட்டைக் கழற்றி, வாஷர் மாற்றி, பசை பூசினேன். பக்கெட் பக்கெட்டாக ஊற்றிப் பார்த்தும் ஒழுகவில்லை. ஆனால் மறுநாள் காலையில், மழையே இல்லாமல், தலையணை ஈரம்! இது என்ன கூத்து என்று ஒன்றும் பிடிபடவில்லை.

மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். சிரித்தார். "ஓட்டையெல்லாம் அடைஞ்சுதான் இருக்கு. குளிருதுன்னு கண்ணாடிய இறுக்க மூடிட்டுத் தூங்குறல்ல? உன் மூச்சுதான்யா கூரையில பட்டுச் சொட்டுது."

இப்போது திறந்தால் குளிர், மூடினால் மழை. எனக்கு இன்னும் குழப்பம்தான். நம் ஒற்றை அறையில் ஐந்து பேர் மூச்சு விட்டோம், கூரை நனைந்ததே இல்லையே?

லோடு ஏற்றியாயிற்று, கிளம்பச் சொல்கிறார்கள். உன் பழைய நூல்புடவை ஒன்று அனுப்பு. கூரை துடைக்கத்தான். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

பாப்பா அப்பா