கோபம் இறங்கும்வரை நின்றவளுக்கு

இன்று காலையும் நல்ல மழை. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற அவசரத்தில் தாய்மார் பிள்ளைகளை நம் தோட்டத்துப் பிள்ளை மடுவத்து வாசலில் விட்டுவிட்டு ஓடினார்கள். நனைந்த கம்பளித் தொப்பிகளைப் பிழிந்து அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஈரக் கம்பளி காயும் வாசம் எழுந்தது. கூடவே உன் நினைப்பும். "இந்த நாத்தத்துக்கு மட்டும் எனக்குக் கோவமே வராதுக்கா" என்பாய். மற்ற எல்லாவற்றுக்கும் உனக்குக் கோபம் வரும்.

நோர்வூட்டிலிருந்து லிந்துலைப் பக்கம் கல்யாணமாகி வந்த சூட்டோடு தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டு, லயத்து வீடுகள் முழுக்கப் பேர் வாங்கியவள் நீ. பிள்ளை பார்க்கும் வேலைக்கு உன்னை எனக்குத் துணையாகப் போட்டபோது, இவளை யார் பார்த்துக்கொள்வது என்றுதான் எனக்குக் கவலை. ஆனால் அழுகிற பிள்ளை, அடிக்கிற பிள்ளை, தரையில் புரளுகிற பிள்ளை, யாரைக் கண்டும் நீ பதறியதில்லை. "நான் கோவத்தோட ரொம்ப நாளா குடும்பம் நடத்துறேன். அது எப்ப வரும், எப்ப போகும்னு எனக்குத் தெரியாதா?" என்று சிரிப்பாய்.

அப்போதுதான் மிதுஷா வந்து சேர்ந்தாள். நாலு வயது. அம்மா வீட்டு வேலைக்கு வெளிநாடு போயிருந்தாள். அப்பா கொண்டுவந்து விடுவார். அவள் கடிப்பாள். கை, தோள், எது கிடைத்தாலும். ஒருநாள் கவின் என்ற பையனின் கன்னத்தில் பல் பதியக் கடித்துவிட்டாள்.

செய்தி கேட்டு அவன் அம்மா மலையிலிருந்து நேரே ஓடி வந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. "நாளைக்கும் இந்தப் புள்ள இங்க இருந்துச்சுன்னா நான் தோட்டத்துத் தொரைகிட்டயே போயிருவேன். புள்ள பாக்குறீங்களா, வேடிக்கை பாக்குறீங்களா?"

உன் முகம் சிவந்தது. குழாயடிச் சண்டை இங்கேயும் வரப்போகிறது என்று நான் நடுவில் வந்து நின்றேன். நீயோ, "அக்கா, எனக்கு இப்பக் கோவம் ஏறுது. கொஞ்சம் வெளிய நின்னுட்டு வந்து பேசுறேன்" என்றாய். தூறலில் இறங்கி முற்றத்து ஓரத்தில் போய் நின்றாய். கவினின் அம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

மிதுஷா மெல்ல உன் பக்கத்தில் போய் நின்றாள்.

"டீச்சர், கடிக்கப் போறீங்களா?"

"கடிக்கணும் போலத்தான் இருக்கு. ஆனா கடிக்க மாட்டேன்."

"அப்ப?"

"சும்மா நிக்கப் போறேன். எறங்குற வரைக்கும்."

"எறங்குமா?"

"எறங்கும். நீயும் நில்லு."

இரண்டு பேரும் நனைந்துகொண்டு நின்றீர்கள். முதலில் சிரித்தது கவினின் அம்மாதான். "ஏய், ரெண்டு பேரும் உள்ள வாங்க, சளி புடிக்கப் போகுது!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். போகும்போது மிதுஷாவின் தலையைத் தன் முந்தானையால் துவட்டிவிட்டுப் போனாள். தொரையிடம் போகவில்லை.

அம்மாவின் போன் வருகிற நாளில்தான் மிதுஷா கடிக்கிறாள் என்று நீதான் கண்டுபிடித்தாய். மடியில் வைத்துக்கொண்டு கேட்டாய். தொண்டையைத் தொட்டுக் காட்டி, "அம்மா போன்ல சிரிக்குது. எனக்கு இங்க நோகுது" என்றாள்.

"அது கோவம் இல்ல கண்ணு. ஒனக்கு அம்மாவத் தேடுது."

அந்த ஒரு சொல் அவளுக்குப் போதுமாக இருந்தது. பிறகு கடிக்க வாய் திறக்கிற நேரத்தில் ஓடிவந்து, "தேடுது டீச்சர்" என்று உன் சேலையைப் பிடித்துக்கொள்வாள். ஒரேயடியாக மாறிவிடவில்லை, என் கையில்கூட ஒருமுறை பல் பதிந்தது. ஆனாலும் குறைந்துகொண்டே வந்தது.

மற்றப் பிள்ளைகளும் முற்றத்தில் போய் நிற்கப் பழகினார்கள். ஜீப்பில் போன தொரை நிறுத்தி, "என்ன, தண்டனையா?" என்று கேட்க, கவின் நெஞ்சை நிமிர்த்தி, "இல்ல சேர், கோவம் எறங்குது" என்றான். அவன் வீட்டில் கத்திக்கொண்டிருந்த அப்பாவையும் வாசலுக்கு அனுப்பினானாம். அவரும் போய் நின்றாராம். அதைக் கேட்டு நீ பால் கோப்பையோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாய்.

போன மழைக்காலத்தில் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. 'டீச்சர் நோர்வூட்டுக்குப் போயிட்டாங்கன்னு சொல்லுங்க, பிஞ்சுகளுக்கு என்ன தெரியும்' என்றார்கள் லயத்தில். அப்படிச் சொல்லத்தான் பாயில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"டீச்சர் செத்துப் போயிட்டாங்க. இனி வர மாட்டாங்க. எனக்கு ரொம்பக் கவலையா இருக்கு" என்றேன். அழுகை வந்துவிட்டது. சில பிள்ளைகளும் அழுதார்கள். மிதுஷா என் தோளில் சாய்ந்துகொண்டாள். கொஞ்சம் கழித்து, பாலோடு தினமும் உனக்கென்று எடுத்து வைக்கும் பிஸ்கட்டைப் பார்த்துக் கவின் கேட்டான்: "அப்ப டீச்சரோட பிஸ்கட் யாருக்கு?"

அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். பிஸ்கட்டை உடைத்து எல்லோருக்கும் கொடுத்தோம். நீ இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய்.

எந்தப் பிள்ளையிடமும் இப்போது நான் 'அழாதே' என்று சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு விளையாடப் போய்விடுகிறது. நான்தான் இன்னும் சற்று உட்கார்ந்திருக்கிறேன்.